ஸ்லீவ் அறுவை முடிந்து மூன்று ஆண்டு: வாய் நமநமக்கிறது, எடை திரும்புகிறது

பொருநைக்கரையாள், பாளையங்கோட்டை
வெள்ளி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ஆறேழு மாதமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதத் துணிந்தது இன்றுதான்.

2022 ஆகஸ்டில் எனக்கு ஸ்லீவ் அறுவை நடந்தது, எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது. அன்று எடை 112 கிலோ. பதினான்கு மாதத்தில் 71-க்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதிகளையும் தேரோடு நடந்தே சுற்றினேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல்முறை. இன்று காலை எடை 84.

எப்படி ஏறியது என்பது எனக்குத் தெரியும். நான் பள்ளி ஆசிரியை. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன். பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த மிக்சர் டின் அடுப்பு மேடையில் இருக்கும். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, நெஞ்சை அடைக்கும். அந்த டின்னைத் திறந்தால் மட்டும் காப்பியும் மிக்சருமாக முக்கால் மணி நேரம் கை நிற்பதில்லை. பசி இல்லை, வாய் நமநமக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது அல்வா. சென்னையிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் அல்வா வாங்கிக் கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. கடையில் நிற்கும்போது சுடச்சுட ஐம்பது கிராம் இலைத்துண்டில் வைத்துத் தருவார்கள். நெய் விரலிடுக்கில் வழியும். மெல்ல வேண்டியதே இல்லை, நாக்கில் வைத்த உடனே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அறுவை முடிந்த முதல் ஆண்டு அந்த வாசனையே எனக்குக் குமட்டியது. இப்போது யாரும் ஊரிலிருந்து வராத வாரத்திலும் டவுனுக்குப் போய் நிற்கிறேன்.

பரிசோதனைக்குப் போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. கடைசியாகப் போனபோது எடை 75. உணவு ஆலோசனை சொல்பவர் வரிசையில் இருந்த எல்லோர் முன்பும், “இவ்வளவு பணம் செலவழித்தும் வாயைக் கட்ட முடியவில்லையா அம்மா?” என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. சத்து மாத்திரைகளும் அப்படியே நின்றுபோயின. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. எடை கூடியதால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆவலை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என் அறுவை வீணாகிவிட்டதா?

கல்லிடைக்காரன்
வெள்ளி, இரவு 11.05

அக்கா, வீணாகவில்லை. நானும் 2021-இல் செய்துகொண்டவன்தான். 68-ஐத் தொட்டு இப்போது 77-இல் இருக்கிறேன். எனக்கு மிக்சருக்குப் பதில் பொரித்த அப்பளம். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் வீட்டு அடுப்பு மேடையைப் பார்த்ததுபோல் இருந்தது.

பேட்டை அண்ணாச்சி
சனி, காலை 6.15

தங்கச்சி, எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைப்பது, 2017-இல். 131-இலிருந்து 82-க்கு இறங்கி, நான்காம் ஆண்டில் 93-க்கு ஏறி, இப்போது 87-இல் நிற்கிறேன். ஏறுவதும் தெரியும், பிடித்து நிறுத்துவதும் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன வருடம் சித்திரையில் தென்காசியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். நல்ல வெயில். பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுப் பதநீர் விற்றார்கள். இயற்கையான பானம்தானே என்று இரண்டு பட்டை குடித்தேன். ஆலங்குளம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. பேட்டை நெருங்கும்போது கை நடுங்கி, சட்டை முழுவதும் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கைப் பையன்தான் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டான். மாரடைப்பு என்றே நினைத்தேன். சர்க்கரையைச் சோதித்தபோது 52.

இதைத் தாமதமாக வரும் டம்பிங் (லேட் டம்பிங்) என்கிறார்கள். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கும்போது இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்துவிடும். இதில் இன்னொரு தொல்லை உண்டு. சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு இனிப்பைத்தான் கேட்கும். நாம் அதை நாக்கின் ஆசை என்று நினைத்து மறுபடியும் தின்போம், மறுபடியும் தாழும். என் நான்காம் ஆண்டு எடை முழுவதும் இந்தச் சுழலில் ஏறியதுதான். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் சிலருக்கு இது வரும். அல்வா தின்ற இரண்டு மணி நேரத்தில் படபடப்பு வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

என்னை நிறுத்தியது காலை உணவு. இரண்டு முட்டை, அதன் பிறகுதான் மற்றது. காலையில் வயிறு உறுதியாக இருந்தால் மாலையில் கை டின்னைத் தேடுவது குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இனிப்பை விட்ட காலத்தில் நான் மதுவைத் தொட்டேன். பைபாஸ் செய்த உடம்பில் அது சீக்கிரம் ஏறும், அளவும் தெரியாது. என் மகன்தான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனான். இங்கே படிக்கும் ஆண்கள் யாராவது அந்த இடத்தில் இருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

வார்டு அக்கா, வண்ணார்பேட்டை
சனி, மதியம் 2.30

பொருநைக்கரையாள், எனக்கு எடை குறைப்பு அறுவை வார்டில் செவிலியராகப் பன்னிரண்டு ஆண்டு வேலை. உங்கள் 84 கிலோவைவிட உள்ளங்கால் எறும்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி12 சத்து உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவதால் இவை இரண்டும் குறைந்துவிடும். இரும்புச் சத்துக்கும் அந்த அமிலம் தேவை. பழைய இருப்பு கொஞ்ச காலம் தாங்கும், அதனால் குறை தாமதமாகத்தான் வெளியே தெரியும். மூச்சு வாங்குவது ரத்தசோகையாகவும், எறும்பு ஊர்வது பி12 குறைந்து நரம்பு பாதிக்கப்படுவதாகவும் இருக்கலாம். நரம்பை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் முழுவதும் சரியாகாமலேயே போகவும் வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமையே ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் பாருங்கள். இந்த மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டியவை. எடை ஏறினாலும் இறங்கினாலும் நிறுத்தக் கூடாது.

இனி எடைக்கு வருவோம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அது அதிகம் உருவாகும் இடம் இரைப்பையின் மேல்பகுதி. உங்களுக்கு வெட்டி எடுத்ததில் அந்தப் பகுதியும் அடக்கம். முதல் ஆண்டு பசியே தெரியாமல் இருந்ததற்கு அது முக்கியமான காரணம். ஆனால் மாலை ஐந்து மணி, சமையலறை, காப்பி வாசனை என்று மூளை பழகிவைத்திருப்பதை எந்த மருத்துவரும் வெட்டி எடுக்கவில்லை. எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவாகத்தான் எரிக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் கொஞ்சம் திரும்புகிறது.

வீணா என்று கேட்டீர்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதத்தைக் குறைத்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அதை வெற்றி என்றுதான் மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. நீங்கள் 112-இலிருந்து 84-இல் இருக்கிறீர்கள். 28 கிலோ குறைவு, சரியாக நான்கில் ஒரு பங்கு. உங்களை வரிசையில் வைத்து அப்படிக் கேட்டவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மிக்சர் இறங்கி இட்லி அடைப்பது ஏன் தெரியுமா? மிக்சர், முறுக்கு, ஓமப்பொடி, அல்வா எல்லாம் எச்சிலில் கரைந்து கூழாகிவிடும். கூடவே காப்பியும் குடித்தால் அலசிக்கொண்டு குடலுக்குப் போய்விடும். குறுகிய இரைப்பை நிரம்பவே நிரம்பாது, நிரம்பினால்தானே போதும் என்று தெரியும்? அதனால்தான் சாப்பாட்டுக்கும் குடிப்பதற்கும் நடுவில் அரை மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறோம். காப்பியைத் தனியாகக் குடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் இரண்டு வாரம் செய்து பாருங்கள்.

பொருநைக்கரையாள்
சனி, இரவு 9.20

அக்கா, எறும்பு ஊர்வது எடையால் வருவதில்லை என்று படித்தவுடன் கை நடுங்கிவிட்டது. திங்கட்கிழமை நிச்சயம் போகிறேன். அண்ணாச்சி, எங்கள் வீடு சைவம். முட்டை கிடையாது. புரதத்துக்கு என்ன செய்வது?

உடன்குடிப் பனை
ஞாயிறு, காலை 8.00

சகோதரி, சீனியை அறவே விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறுங்கள். எங்கள் ஊர்க் கருப்பட்டியில் உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டால் இடுப்புக்கும் பலம், இனிப்பு ஆசையும் தீரும். என் பாட்டி எண்பது வயதுவரை அதைச் சாப்பிட்டுத்தான் வாழ்ந்தார்.

வார்டு அக்கா
ஞாயிறு, காலை 11.45

உடன்குடி அண்ணா, உளுந்து நல்ல யோசனை, அதை விடவே வேண்டாம். கருப்பட்டி பற்றி மட்டும் நான் மாறுபட வேண்டியிருக்கிறது. அதுவும் பெரும்பகுதி சர்க்கரைதான். பேட்டை அண்ணாச்சியைப் பஸ்ஸில் சாய்த்ததும் அதே பனையின் பதநீர்தான். பனை ஏறி உழைத்த உடம்புக்கு அது ஒத்துக்கொண்டது. வெட்டிய இரைப்பைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலுமாக, இனிப்பில்லாமல் சாப்பிடுங்கள் பொருநைக்கரையாள்.

சைவத்தில் புரதம்: ஒரு நாளைக்கு 60 கிராம் முதல் 80 கிராம் வரை வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டு, ஒன்பது கிராம் கிடைக்கும். நூறு கிராம் பன்னீரில் ஏறத்தாழ பதினெட்டு. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் ஆறு. கெட்டித் தயிர், பாசிப்பயறு, சோயா எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டில் முதல் நாலைந்து வாய் இவையாக இருக்கட்டும், சோறு கடைசியில். சாப்பாட்டில் மட்டும் கணக்கு எட்டாது, உங்கள் மருத்துவரைக் கேட்டுப் புரதப் பொடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

மணிமுத்தாறு
ஞாயிறு, மாலை 4.10

நான் கேள்விப்பட்ட வழி ஒன்று உண்டு. ஐந்து நாள் வெறும் திரவ உணவு, பிறகு இரண்டு நாள் கூழ். விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்கிறார்கள். நான் செய்தேன், மூன்று கிலோ குறைந்தது.

பேட்டை அண்ணாச்சி
ஞாயிறு, மாலை 6.30

தம்பி, நானும் இரண்டு முறை செய்தவன். குறைந்த மூன்று கிலோவும் பெரும்பாலும் நீர், அடுத்த வாரமே திரும்பி வந்தது. ஐந்து நாளில் இரைப்பை சுருங்காது என்று என் மருத்துவர் படம் வரைந்தே காட்டினார். ரத்தசோகை இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பெண்ணுக்கு இந்த வழியைச் சொல்லாதீர்கள். ஆறாம் நாள் வரும் பசி இருக்கிறதே, அன்று நான் ஒரு அரைக் கிலோ அல்வாப் பொட்டலத்தைத் தனியாக முடித்தேன்.

அம்பாசமுத்திரம் வாசி
ஞாயிறு, இரவு 10.50

நான் அறுவை செய்துகொண்டவன் இல்லை, என் மனைவி செய்துகொண்டவர். வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அவருக்கு எடை திரும்பத் தொடங்கியபோது நான் காவல்காரன் ஆனேன். எத்தனை வாய் சாப்பிட்டாய் என்று எண்ணினேன். முறுக்கு டின்னை அலமாரியில் ஒளித்தேன். கோயில் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில், அத்தை தட்டில் வைத்த பொங்கலை எல்லோர் முன்பும் எடுத்து வைத்தேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன்.

ஒரு நாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அரை இருட்டில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காகிதத்தைக் கசக்கி முந்தானைக்குள் வைத்தார். இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவர், என்னைக் கண்டு பயந்து ஒளிக்கிறார். அன்று நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அதன் பிறகு எண்ணுவதை விட்டேன். நொறுக்குத் தீனி வீட்டுக்குள் வாங்குவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வெளியே கூட்டிப்போய் வாங்கித் தருகிறேன். மாலையில் அவரோடு வாய்க்கால் கரையில் நடக்கிறேன். எடை எவ்வளவு என்று கேட்பதில்லை, அவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இப்போது அவராகவே சொல்கிறார்.

கல்லிடைக்காரன்
திங்கள், காலை 7.20

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை என் வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வார்டு அக்காவிடம் ஒரு கேள்வி. 2025 மார்ச்சில் எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்ததிலிருந்து ஆளாளுக்கு அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அறுவைக்குப் பிறகு திரும்பிய எடைக்கு அது உதவுமா?

வார்டு அக்கா
திங்கள், இரவு 8.40

உதவுகிறது. டிர்செபடைட், செமாகுளுடைட் இரண்டையும் அறுவை முடிந்தவர்களுக்கும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். பசியும் ஆசையும் மட்டுப்படுகின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது, செலவும் மாதாமாதம். குமட்டல், மலச்சிக்கல் வரலாம். ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுபவருக்கு இன்னும் குறைந்தால் புரதமும் சத்தும் மேலும் கீழே போகும். மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொருள் இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மறு அறுவையும் அப்படித்தான்.

பொருநைக்கரையாள்
மூன்று வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.1. பி12 மிகவும் தாழ்ந்திருந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது. முடிவுகளை எடுத்துக்கொண்டு, அறுவை செய்த மருத்துவரையே நேராகப் போய்ப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது திரும்பிவிடலாமா என்று இருந்தது. உள்ளே அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. காலில் ஊசியால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். “ஏன் அம்மா இவ்வளவு நாள் வரவில்லை?” என்றார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனி நேராக என் அறைக்கே வாருங்கள் என்றார். பி12 ஊசி தொடங்கியிருக்கிறது. வலது காலில் எறும்பு குறைந்திருக்கிறது, இடது கால் அப்படியே இருக்கிறது.

ஐந்து மணிச் சங்கதி: பள்ளியிலேயே, 4.10-க்கு மணி அடித்தவுடன், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சுண்டல் டப்பாவை முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அரை மணி கழித்துத்தான் காப்பி. மிக்சர் டின்னைக் கழுவி அதில் துவரம்பருப்பைக் கொட்டி வைத்திருக்கிறேன். முதல் நான்கு நாள் மாலையில் என்ன செய்வது என்றே தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். இப்போது அந்த நேரத்தில் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன்.

போன புதன்கிழமை அல்வா சாப்பிட்டேன். வீட்டில் சொன்னேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். மருத்துவரிடமும் காட்டுவேன். எடை 83.2.

ஒரு சந்தேகம். வரும் ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளுக்கு மறுவீடு. சொதி விருந்து. போகாமலும் இருக்க முடியாது. என்ன செய்ய?

அம்பை மைனி
ஞாயிறு, மாலை 7.00

போய் நன்றாக இருந்துவிட்டு வாருங்கள். சொதி வைத்து வைத்துப் பழகிய கை எனக்கு, அதனால் சொல்கிறேன். சிறுபருப்பும் முருங்கைக்காயும் பீன்ஸும் கனமானவை, அடியில் கிடக்கும். கடைசியில் ஊற்றுகிற முதல் தேங்காய்ப்பால் மேலாக நிற்கும். பரிமாறுகிறவரிடம் கரண்டியை அடியில் விட்டு அள்ளச் சொல்லுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உருளைக்கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். சோறு ஒரு கைப்பிடி. இஞ்சிப் பச்சடியில் வெல்லம் சேர்ப்பார்கள், அதைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். பக்கத்தில் வைக்கிற சிப்ஸைப் பிள்ளைகள் இலைக்குத் தள்ளிவிடுங்கள். பாயசம் வரும்போது கை கழுவ எழுந்துவிட்டால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை.

வார்டு அக்கா
ஞாயிறு, இரவு 9.15

மைனி சொன்னபடி செய்யுங்கள். புறப்படுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரும்பு மாத்திரையை அன்றைக்கும் விட வேண்டாம். காப்பியோடு எடுக்காதீர்கள், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இடது கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதுங்கள்.